இறையனார் (ஆண்டு இல்லை), மதுரை: பீடத்துக்கு அடியில்

மதுரையில் முதன்முதலில் புத்தகம் போட்டவர் யார் தெரியுமா? சாட்சாத் சொக்கநாதர். வெளியீட்டு விழா, பொன்னாடை, பத்துப் பேர் வாழ்த்துரை எதுவும் கிடையாது. 60 சூத்திரங்களை எழுதி, மூன்று செப்பிதழ்களில் பதித்து, தன் பீடத்துக்கு அடியிலேயே தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்துகொண்டார். பூசை செய்பவர் பீடத்தடியில் பெருக்கப் போனபோது அது கையில் சிக்கியது. 'இறையனார் அகப்பொருள்' என்ற நூல் உலகத்துக்கு வந்த கதை இதுதான். தமிழின் மிகப் பெரிய ஆசிரியருக்குக் கிடைத்த முதல் வாசகர் விளக்குமாற்றோடு வந்தவர்!

ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்கு இங்கேயே வியர்த்துவிடும். ஆசிரியர்: சிவன். ஆண்டு: இல்லை. ஊர்: மதுரை. பதிப்பகம்: பீடம். இதைத் துணைநூற்பட்டியலில் எங்கே சொருகுவது? நூல் என்றா, செப்பேடு என்றா, கையெழுத்துப் படி என்றா? கைடிடம் கேட்டால், "முதல்ல பழைய சாப்டர் கரெக்‌ஷனை முடிச்சியா?" என்பார். அவருக்கும் தெரியாது என்பதற்கு ஆய்வுலகில் அதுதான் மரபான சொல்.

சிவபெருமான் ஏன் இந்த வேலையில் இறங்கினார் என்பது அதைவிடத் தமாஷ். பாண்டிய நாட்டில் 12 வருஷம் பஞ்சம். புலவர்களுக்குச் சோறு போட முடியாமல், "பிழைக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ராஜா அனுப்பிவிட்டார். மழை பெய்தது, ஆள் விட்டு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார். எழுத்துக்கு ஆள் வந்தாச்சு, சொல்லுக்கு ஆள் வந்தாச்சு, யாப்புக்கும் வந்தாச்சு. பொருளதிகாரத்துக்கு மட்டும் ஆளே இல்லை. ராஜா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலியிடத்தைத்தான் கடவுள் நிரப்பினார். காசு கைமாறாமல் நடந்த பேராசிரியர் நியமனம் என்று சரித்திரம் இதைத் தனியாகக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

நூல் வந்தது. உரை வேண்டுமே? சங்கத்தில் 49 புலவர்கள். 49 பேரும் ஆளுக்கு ஓர் உரை எழுதினார்கள். 49 பேரும் "என் உரைதான் சரி" என்றார்கள். (சம்பளம் வாங்கும் 49 பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?) கடைசியில் வழக்கு மறுபடியும் ஆசிரியரிடமே போனது. அவர் ஒரு நடுவரைக் கைகாட்டினார். பெயர் உருத்திரசன்மன். உப்பூரிகுடிகிழாரின் மகன். வயது ஐந்து. வாய் பேச வராது!

இன்றைக்குப் 'பீர் ரிவ்யூ' என்று கப்பல் ஏறி வந்திருக்கிற சமாச்சாரம் மதுரையில் அன்றைக்கே நடந்திருக்கிறது. பையனைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, பூவும் சந்தனமும் சாத்தி, பலகையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். புலவர்கள் வரிசையாக வந்து வாசித்தார்கள். பையன் சிலை மாதிரி இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது ஆங்காங்கே கண்ணீர் விட்டு மயிர் சிலிர்த்தான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் அழுதான். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. "மேஜர் ரிவிஷன் தேவை, என்னுடைய ஏழு கட்டுரைகளையும் மேற்கோள் காட்டவும்" என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பாத ஒரே ரிவ்யூவர்.

இனிமேல்தான் நம்முடைய கதாநாயகன் வருகிறான். அவன் பெயர் மேற்கோள்.

நக்கீரர் உரையைத் தன் மகன் கீரவிகொற்றனாருக்குச் சொன்னாராம். அவர் தேனூர்கிழாருக்கு. அவர் படியங்கொற்றனாருக்கு. அவர் செல்வத்தாசிரியர் பெருஞ்சுவனாருக்கு. அவர் மணலூர் ஆசிரியர் புளியங்காய்ப் பெருஞ்சேந்தனாருக்கு. அவர் செல்லூர் ஆசிரியர் ஆண்டைப் பெருங்குமாரருக்கு. அவர் திருக்குன்றத்து ஆசிரியருக்கு. அவர் மாதளவனார் இளநாகனாருக்கு. அவர் முசிறி ஆசிரியர் நீலகண்டனாருக்கு. அப்பாடா! பத்துப் பேர் வாய் வழியாக இறங்கி வந்த உரை இது என்று அந்த உரையே நமக்குச் சொல்கிறது. புளியங்காய்ப் பெருஞ்சேந்தனாரைக்கூட விடவில்லை பாருங்கள். அந்தப் பெயரை ஒருவர் கற்பனை செய்திருக்க முடியாது என்பதே அந்தப் பட்டியலுக்கு ஓரளவு நம்பிக்கை தருகிறது.

இதே முறை இன்றைக்கும் எழுமலை டீக்கடையில் உயிரோடு இருக்கிறது. ஊர் தெரியாதவர்களுக்கு: உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில், பேரையூர் தாலுகாவில் இருக்கிற பேரூராட்சி. உள்ளூர் வரலாற்றுக்கு நோட்டும் பேனாவுமாக ஒரு கல்லூரிப் பெண் வந்து, பெஞ்சில் இருக்கும் பெரியவரிடம் கேட்கிறாள் என்று வையுங்கள்.

"தாத்தா, இந்தக் கம்மாய யாரு வெட்டுனது?"

"அந்தக் காலத்து ராசா, தாயி."

"யாரு சொன்னா?"

"எங்கய்யா சொன்னாரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"அவரோட அய்யா."

"அவருக்கு?"

"ஏந்தாயி, கம்மா இருக்கா இல்லையா?"

இதற்கு மேல் எந்தத் தேர்வாளராலும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பெரியவர் சொன்னதை எந்தக் கணக்கில் எழுதுவது? அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையில், பதிவு செய்யாத இப்படிப்பட்ட பேச்சுக்குத் 'தனிப்பட்ட தகவல்' என்று பெயர். கட்டுரைக்குள் பெயரும் தேதியும் போடலாம். துணைநூற்பட்டியலில் போடக் கூடாது, ஏனென்றால் வாசகர் தேடிப் போய்ப் பார்க்க வழியில்லை. எழுமலைக்கு பஸ் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, நீலகண்டனாரிடம் திரும்புவோம். பத்துத் தலைமுறைச் சங்கிலியை இவ்வளவு அக்கறையாகக் கோத்தவர்கள் ஓர் இடத்தில் கோட்டை விட்டார்கள். உரைக்கு உதாரணமாக நூற்றுக்கணக்கில் பாட்டுகளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை 'பாண்டிக்கோவை'. அதன் பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுமாறன். ஆய்வாளர்கள் அவனை 7ஆம் நூற்றாண்டில் உட்கார வைக்கிறார்கள். சங்க காலத்து நக்கீரர், தான் செத்துச் சில நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்த ராஜாவின் பாட்டை மேற்கோள் காட்டுகிறார்! நெற்றிக்கண்ணுக்கே அசராத மனிதருக்குக் காலண்டர் எந்த மூலைக்கு?

அதே உரையில்தான் மூன்று சங்கங்களின் புள்ளிவிவரமும் வருகிறது. முதற்சங்கம் 4440 வருஷம், இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. தயவுசெய்து மொபைலில் கால்குலேட்டரைத் திறங்கள். மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மீதி ஒரு தூசி இல்லை! மூன்றையும் கூட்டினால் 9990. முழுசாகப் பத்தாயிரம் என்றால் சந்தேகப்படுவார்கள் என்று பத்தைக் குறைத்திருக்கிறார், விவரமான ஆள்.

ராஜாக்கள் கணக்கும் உண்டு. இடைச்சங்கத்துக்கு 59 பேர். 3700ஐ 59ஆல் வகுத்தால் தலைக்கு 62 வருஷத்துக்கு மேல் வருகிறது. ஒரு ராஜா அல்ல, வரிசையாக 59 பேரும் சராசரியாக அறுபது வருஷம் தாண்டி ஆண்டிருக்கிறார்கள். இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்து இளவரசர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பட்டாபிஷேகத்துக்குப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

"அப்போ இந்த உரை பொய்யா சார்? தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். கபாடபுரத்தில் எத்தனை ராஜாக்கள் இருந்தார்கள் என்று கேட்டால் இந்த உரை மோசமான சாட்சி. பாண்டிய நாட்டுத் தமிழ் வாத்தியார்கள் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் தங்கள் பழம்பெருமையைப் பற்றி என்ன நம்பினார்கள் என்று கேட்டால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை; நீங்கள் கேட்ட கேள்வி மாறியது, இரண்டாம் நிலைச் சான்று முதன்மைச் சான்றாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. முதன்மை, இரண்டாம் நிலை என்பதெல்லாம் புத்தகத்தின் முதுகில் ஒட்டி வருகிற ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொண்டு லைப்ரரியில் தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் தருமியைக் கூப்பிடுங்கள். ஆம், ஆயிரம் பொற்காசு தருமிதான்.

பாண்டிய ராஜாவுக்குப் பெண்ணின் கூந்தலில் இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு டவுட். (பஞ்சம் தீர்ந்துவிட்டது என்பதற்கு இதுவே ஆதாரம்.) சிவன் ஒரு பாட்டு எழுதித் தருமியிடம் கொடுத்தார். தருமி அதைத் தன் பாட்டாகக் கொண்டுபோய் நின்றான். நக்கீரர் குற்றம் கண்டுபிடித்தார். நெற்றிக்கண் திறந்தது, நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இதே நக்கீரர்தான் முந்தைய கதையில் இதே சிவனின் நூலுக்கு உரை எழுதி, ஐந்து வயதுப் பையனை அழவைத்துப் பரிசை வென்றவர். ஒரே எழுத்தாளரின் மிகச் சிறந்த உரையாசிரியரும் மிக மோசமான விமர்சகரும் ஒரே ஆள். நம் இலக்கிய உலகம் அன்றைக்கே இப்படித்தான்.

இப்போது சோர்ஸ் பார்ப்போம். அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. பாடியவர் பெயர் இறையனார். தருமியும் இல்லை, ஆயிரம் பொன்னும் இல்லை, கண்ணும் இல்லை. கதையை விரிவாகச் சொல்வது பல நூற்றாண்டு கழித்து வந்த திருவிளையாடற் புராணம். ஆனால் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனசுக்குள் மேற்கோள் காட்டுவது எதை? 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தை! நம் தருமிக்கு நாகேஷ் முகம், சிவனுக்கு சிவாஜி குரல். குற்றம் கண்டுபிடிக்கிற நக்கீரராக நடித்தது படத்தின் டைரக்டர் ஏ.பி. நாகராஜனேதான், மற்றவரைக் குறை சொல்லும் வேஷத்தைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

சங்கப் பாட்டை ஆராய்கிறவர் அந்தப் படத்தை மேற்கோள் காட்டினால் வைவாவில் தோலை உரித்துவிடுவார்கள். '1960களின் தமிழ் சினிமாவில் பக்தியும் நகைச்சுவையும்' என்று தலைப்பை மாற்றிக்கொண்டு அதே படத்தைக் காட்டினால் அது முதன்மைச் சான்று. நாகேஷ் ஒரு வசனம்கூட மாற்றவில்லை.

ஆசிரியர், ஆண்டு என்று அடைப்புக்குறிக்குள் போடும் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணிவெடி. உ.வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937. பையன் அப்பாவியாக 'இறையனார், 1937' என்று எழுதுவான். சிவபெருமான் காங்கிரஸ் மந்திரிசபை காலத்தில் கவிதை எழுத ஆரம்பித்தவராகிவிடுவார். பழைய நூலுக்கு ஆசிரியர் ஒருவர், பதிப்பாசிரியர் இன்னொருவர், இரண்டுக்கும் நடுவில் சில சமயம் ஆயிரத்தைந்நூறு வருஷம் என்பது அமெரிக்காவில் முதல் விதிமுறை எழுதியவர்களுக்கு உதித்திருக்க நியாயமில்லை. 1929இல் ஏ.பி.ஏ. முறை பிறந்தபோது அது ஓர் இதழில் வந்த ஏழு பக்கக் கட்டுரை. இப்போது 400 பக்கத்தைத் தாண்டிய தடித்த புத்தகம். கமா எங்கே, புள்ளி எங்கே என்று சொல்ல இத்தனை பக்கம் எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் உலகத்தையே 1330 குறளில் முடித்தார்கள்.

அதற்காக நம் ஆட்கள் மேற்கோள் விஷயத்தில் யோக்கியம் என்று மார்தட்ட வேண்டாம். தொல்காப்பியர் என்ன செய்தார்? விதியைச் சொல்லிவிட்டு, "புலவர்கள் இப்படிச் சொல்வார்கள்" என்று ஒரு போடு. எந்தப் புலவர், எந்த நூல், எத்தனையாவது பக்கம்? மூச்! இலக்கணம் முழுக்க இதே பாட்டுத்தான். உரையாசிரியர்கள் அவரைவிட ஒரு படி மேல். நச்சினார்க்கினியர் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போடுவார், "பிறரும் இப்படிச் சொன்னார்கள்" என்று முடிப்பார். யார் அந்தப் பிறர்? அவர் காலத்து மாணவர்களுக்குத் துண்டைக் கேட்டதும் முழுப் பாட்டும் தெரிந்திருக்கும். பெயரைச் சொன்னால் அவமானமாக நினைத்திருப்பார்கள். ஐந்நூறு வருஷம் கழித்துக் கும்பகோணத்தில் ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்பார் என்று அவர் எங்கே கண்டார்?

அந்த ஒருவர்தான் சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டதும், அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று நம்மவர் உற்சாகமாக அடுக்கினார். முதலியார் முகத்தில் ஈ ஆடவில்லை. சீவகசிந்தாமணி, மணிமேகலையெல்லாம் படித்ததுண்டா என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் படித்தவரிடம் படிக்காத ஒன்றைச் சரியாகக் குறிவைத்துக் கேட்பதற்கு முன்சீப் மூளை வேண்டும்.

அப்புறம் நடந்தது துப்பறியும் கதை. சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் விட்டுப்போன பெயரில்லாத துண்டுகளை ஐயர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஏடு ஏடாகப் புரட்டியபோது, 'பிறர்' எல்லாம் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பத்துப்பாட்டாம், எட்டுத்தொகையாம்! 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அச்சில் வரிசை கட்டின. நச்சினார்க்கினியர் மட்டும் ஒழுங்காக அடிக்குறிப்பு போட்டிருந்தால் இந்த த்ரில் ஐயருக்குக் கிடைத்திருக்குமா? சோம்பேறி மேற்கோளால் தமிழ் அடைந்த லாபம் இது ஒன்றுதான். இதைச் சாக்காக வைத்து நீங்கள் ஆரம்பித்துவிடாதீர்கள்.

போகிற போக்கில் ஒரு விஷயம். ஐயரின் 'என் சரித்திரம்' 1940இலிருந்து 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. புத்தகமானது 1950இல். விகடன் பக்கத்தைப் பார்த்து எழுதினால் அது வார இதழ்க் கட்டுரை, தேதி போட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் நூல். எதைக் கையில் வைத்துப் படித்தீர்களோ அதைத்தான் காட்ட வேண்டும். புத்தகத்தைப் படித்துவிட்டு, கெத்துக்காக 1940 விகடனைக் காட்டுகிறவர்கள் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் என்று என் வாயைக் கிளறாதீர்கள்.

படிக்காத நூலைக் காட்டுகிற வியாதி நமக்கு மட்டும் என்று வருத்தப்படவும் வேண்டாம். மெகஸ்தனிஸ் என்று ஒரு கிரேக்கர். சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்து 'இண்டிகா' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் நம் ஊர் சமாச்சாரமும் உண்டு. ஹெராக்ளிஸுக்கு பாண்டையா என்று ஒரு மகள், அவளுக்கு ஒரு நாடு, 500 யானை, 4000 குதிரை, ஒரு லட்சத்து 30 ஆயிரம் காலாட்படை. நம் மீனாட்சியம்மன் கதையின் கிரேக்க டப்பிங் என்று பலர் நினைப்பது இதைத்தான். அந்த நாட்டில் பெண்கள் ஏழு வயதிலேயே கல்யாணத்துக்குத் தயார், ஆண்கள் நாற்பதைத் தாண்ட மாட்டார்கள் என்றும் அளக்கிறார். பாடலிபுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு மதுரையைப் பற்றி எழுதினால் அப்படித்தான் வரும்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. 'இண்டிகா' தொலைந்துபோய்விட்டது! நமக்குக் கிடைப்பதெல்லாம் அரியன், ஸ்டிராபோ, பிளினி என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துப் போட்ட துண்டுகள். ஆகவே 'மெகஸ்தனிஸ் சொன்னார்' என்று யாராவது எழுதினால், "நேரில் பார்த்தீரோ?" என்று கேளுங்கள். 'மெகஸ்தனிஸ், அரியன் எடுத்துக்காட்டியபடி' என்று எழுதுவதுதான் மரியாதை. இதில் ஸ்டிராபோ இன்னும் அலாதி. இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் பொய்யர்கள், அந்த வரிசையில் மெகஸ்தனிஸுக்கு முன்வரிசை நாற்காலி என்று திட்டினார். திட்டிவிட்டு அவரிடமிருந்தே பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டார்.

பேப்பரில் எழுதினவன்தான் கதை விடுவான், கல் பொய் சொல்லாது என்று சிலர் கல்வெட்டுப் பக்கம் ஒதுங்குவார்கள். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலை. சமண முனிவருக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, கொடுத்தவர் யார், அவர் நெடுஞ்செழியனுக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாமி முகம் தெரியாதபடி டியூப்லைட் முழுக்க உபயதாரர் பெயரை எழுதுவோமே, அதன் இரண்டாயிரம் வருஷத்து மூதாதை. 1882இல் ராபர்ட் சிவெல் அதைப் பார்த்துக் குறித்துவைத்தார். அந்த எழுத்து தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்டினார். அதில் இருப்பது பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் என்று ஐராவதம் மகாதேவன் சொன்னது 1965இல். முதன்மைச் சான்று மலை மேல் பப்ளிக்காகத்தான் கிடந்தது. படிக்கத் தெரிந்தவர் ஏறி வருவதற்குத்தான் 83 வருஷம் ஆயிற்று. அதுவும் தருமி டாக்கீஸுக்கு வந்த அதே வருஷம்.

பதிப்பைப் பார்க்காமல் மேற்கோள் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையில் ஒரு கதை சொல்வார்கள். 1901இல் இங்கே நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர் சம்பந்தப்பட்டது. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் தமிழ் படித்தாராம். திருக்குறளில் சில குறளுக்கு எதுகை சரியாக அமையவில்லை என்று மனசு கேட்காமல், வள்ளுவரைத் திருத்தி அச்சுப் போட்டாராம்! தேவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மீதமிருந்த அத்தனை பிரதியையும் பணம் கொடுத்து வாங்கி, குழி தோண்டி, எரித்துப் புதைத்துவிட்டாராம். தமிழ்நாட்டு மேடைகளில் கைதட்டல் வாங்கத் தவறாத கதை. ஆதாரம் கேட்டீர்களானால் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஆதாரத்தைத்தான் எரித்துவிட்டாரே!

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. போனில் வந்தது எல்லாம் அவர்களுக்கு 'இணையதளம்'. ஆய்விதழ்க் கட்டுரையும் இணையதளம், ஸ்கேன் செய்த புத்தகமும் இணையதளம், மாமா ஃபார்வர்டு செய்ததும் இணையதளம். ஐயா, போன் என்பது அது வந்த வழி. வந்தது என்ன என்று கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். தொகுதி எண், இதழ் எண், எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் அது ஆய்விதழ். கட்டுரையாளர் ஒருவர், அட்டையில் பதிப்பாசிரியர் வேறொருவர் என்றால் தொகுப்பு நூலில் ஒரு கட்டுரை. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும் 'பட்டத்திற்காக' என்ற வார்த்தையும் இருந்தால் ஆய்வேடு. அதை எழுதியவரைத் தவிர நீங்கள்தான் அதன் முதல் வாசகர், வாழ்த்துகள். எதுவுமே இல்லாமல் 'படித்ததில் பிடித்தது' என்று மட்டும் இருந்தால் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள்.

சங்க இலக்கியத்தை 'மதுரைத் திட்டம்' மின்பதிப்பில் படித்துவிட்டு, வெளியிட்ட ஊர் மதுரை என்று எழுதுகிறவர்களும் உண்டு. பெயரில்தான் மதுரை. 1998 பொங்கலன்று அதைத் தொடங்கி நடத்திய கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில்! வைகையில் தண்ணீர் இல்லாத குறைக்குச் சங்கத்தை ஜெனிவா ஏரிக்கரைக்கு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மேலே இப்போது சாட்ஜிபிடி வந்திருக்கிறது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் ஒரு விமான கம்பெனிக்கு எதிரான வழக்கில் முன்தீர்ப்புகளைக் காட்டி மனு போட்டார்கள். அதில் ஒன்று 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. தொகுதி எண், பக்க எண், தீர்ப்பு எல்லாம் கச்சிதம். வர்கீஸ் மட்டும் இல்லை. அப்படி ஒரு வழக்கே உலகத்தில் நடக்கவில்லை! அதைவிட அழகு என்னவென்றால், சந்தேகம் வந்து வக்கீல் அந்த இயந்திரத்திடமே, "இது நிஜ வழக்குதானா?" என்று கேட்டிருக்கிறார். "நிஜம்தான்" என்று அது சொல்லியிருக்கிறது. நீதிபதி 5000 டாலர் அபராதம் தீட்டினார்.

அந்த வக்கீல்களுக்கு முன்னால் நம் பாண்டியன் நெடுஞ்சடையனை உட்கார வைத்திருக்க வேண்டும். சுமார் கி.பி. 770. ராஜா மதுரையில் போய்க்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து கொற்கைகிழான் நற்சிங்கன் என்பவர் குய்யோ முறையோ என்று கத்துகிறார். விஷயம் என்னவென்றால், "உங்கள் முன்னோர் முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்கு வேள்விக்குடி என்ற ஊரைக் கொடுத்தார். நடுவில் களப்பிரர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள். திருப்பித் தாருங்கள்."

பெருவழுதி எங்கே, நெடுஞ்சடையன் எங்கே! நடுவில் எத்தனையோ நூற்றாண்டு. நாமாக இருந்தால், "முன்னோரைப் புகழ்ந்துவிட்டானே" என்று உச்சி குளிர்ந்து பட்டாவில் கையெழுத்துப் போட்டிருப்போம். ராஜா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "நல்லது, நாட்டாரை வைத்து இதன் பழமையை நிரூபித்து வாங்கிக்கொள்" என்றார். மனுஷர் அங்கேயே நிரூபித்துக் காட்டினார். ஊர் கிடைத்தது, செப்பேடும் கிடைத்தது. அதுதான் வேள்விக்குடிச் செப்பேடு.

ராஜா ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். நம் சரித்திர ஆசிரியர்கள்தான் ஏமாந்தார்கள். நிலத்தை இழந்தவர் வீட்டார் கொடுத்த வாக்குமூலத்தில், களப்பிரர் பெரிய அக்கிரமக்காரர்கள் என்று இருந்தது. இல்லாமல் இருக்குமா? வாய்க்கால் தகராறு மனுவில் பக்கத்து வயல்காரரை யார் உத்தமர் என்று எழுதியிருக்கிறார்கள்? அதை முக்கியச் சான்றாகப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு 'இருண்ட காலம்' என்று போர்டு எழுதி மாட்டினார்கள். பாடப் புத்தகத்தில் படித்து மார்க்கும் வாங்கினோம். பின்னால் வந்தவர்கள் அந்த போர்டைக் கழற்றப் பார்க்கிறார்கள் என்றாலும், எதிர்த்தரப்பான களப்பிரருக்கு இன்றைய தேதி வரை ஒரு சம்மன்கூடப் போகவில்லை.